ஜூன் 1 எப்படி மே 31 ஆச்சு: டைப்பிங் கடை ஆபீஸ் சாஃப்ட்வேர்ல பக் புடிச்ச கதை

"தம்பி, உன் சாஃப்ட்வேர் ஒரு நாள் முன்னாடியே குடி வச்சிடுது பா"ன்னு சித்தப்பா கடைல டைப் அடிக்கற அக்கா போன்ல சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் போட்டோ அனுப்புனாங்க. வாடகை ஒப்பந்தம், 11 மாசம், அவங்க செலக்ட் பண்ணது 1-6-2023, பிரிண்ட்ல வந்தது 31-5-2023. வீட்டு ஓனர் கையெழுத்து போட பேனாவ தொறந்துட்டு "மே மாசமே வராங்கன்னு யாரு சொன்னது?"ன்னு கேட்டிருக்காரு. பத்திரத்தாள் வேஸ்ட், அதுக்கு மேல சித்தப்பாகிட்ட இருந்து எனக்கு ஒரு போன்.

கதைய முதல்ல இருந்து சொல்லிடறேன். சித்தப்பாவோட டைப்பிங் கடை சென்னை தம்புச் செட்டி தெருவுல, காளிகாம்பாள் கோயில்ல இருந்து கொஞ்சம் தள்ளி. ஹைகோர்ட்டு பக்கத்துலயே இருக்கறதால தெரு முழுக்க வக்கீல் ஆபீஸ், ஸ்டாம்ப் வெண்டர், ஜெராக்ஸ். கடைல நாலு கம்ப்யூட்டர், நாலுலயும் நாலு விதமான விண்டோஸ், ஒண்ணுல லினக்ஸ் கூட போட்டு வச்சிருந்தேன். ஒரு மெஷின்ல அடிச்ச அஃபிடவிட்ட இன்னொரு மெஷின்ல திறக்க பென்டிரைவ் தூக்கிட்டு ஓடணும், பென்டிரைவோட வைரஸும் ஓடும். அதனால எல்லாத்தையும் பிரவுசர்லயே பண்ணிடலாம்னு நான் ஒரு சின்ன ஆபீஸ் சூட் எழுதி வச்சேன். லெட்டர் அடிக்க ஒரு ரைட்டர் (உள்ள புரோஸ்மிரர்ங்கற ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்), கணக்குக்கு நானே எழுதுன ஒரு ஷீட், எல்லாத்தையும் சேத்து வைக்க ஒரு பழைய ஐ3 டெஸ்க்டாப்புல நோட்ங்கற சர்வர் புரோகிராம், எஸ்கியூலைட்ங்கற டேட்டாபேஸ். இன்டர்நெட்டுக்கு வெளிய எதுவும் போகாது, கடை வைஃபைக்குள்ளயே சுத்தும். கட்சிக்காரங்க பேப்பர் வெளிய போகக்கூடாதுன்னு வக்கீல்ங்க ரொம்ப கண்டிப்பு. சர்வர் மொதல்ல டேபிளுக்கு அடில தரையில தான் இருந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம்தான் மேல ஏறுச்சு.

சரி, தேதிக்கு வருவோம். பிரவுசர்ல ஓடற ஜாவாஸ்கிரிப்ட் மொழில டேட்னு ஒண்ணு இருக்கே, அது தேதி இல்ல, அது ஒரு கணம். "1 ஜூன்"னு காலண்டர்ல தொட்டா அது "சென்னைல 1 ஜூன் நடுராத்திரி 12 மணி"ன்னு எடுத்துக்கும். அதை நான் சேவ் பண்ணும்போது தேதிய எழுத்தா மாத்தற டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் ஃபங்ஷன போட்டு முதல் பத்து எழுத்த மட்டும் வெட்டி வச்சேன், எல்லாரும் பண்றதுதான், ஆனா அந்த ஃபங்ஷன் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாத்திட்டு தான் எழுதும். நம்ம நடுராத்திரி 12 மணின்னா அங்க முந்தின நாள் சாயங்காலம் 6:30. அஞ்சரை மணி நேரம் பின்னாடி போனா மே 31. அவ்ளோதான் விஷயம்.

இதை ஏன் நான் ரொம்ப நாள் கண்டுபிடிக்கலன்னா, முடியற தேதி சரியா வந்துட்டு இருந்துச்சு! 11 மாசம் கூட்டி ஒரு நாள் கழிக்கற ஃபார்முலா, 30-4-2024னு கரெக்டா காட்டுது, அப்போ கணக்கு சரின்னு நான் அந்தப் பக்கமே போகல. பிறகு உக்காந்து பார்த்தா அது இன்னொரு தப்பால வந்த சரி. மே 31ல இருந்து 11 மாசம் தள்ளுனா ஏப்ரல் 31, அப்படி ஒரு தேதியே கிடையாது, மாசத்த மாத்தற செட்மந்த் ஃபங்ஷன் சத்தமே இல்லாம அதை மே 1ன்னு தள்ளிவிட்டுடும். அதுல ஒரு நாள் கழிச்சா ஏப்ரல் 30. ஜூன் 1ல இருந்து ஒழுங்கா எண்ணினாலும் அதே ஏப்ரல் 30. ரெண்டு தப்பும் கைகோத்துக்கிட்டு நல்ல பிள்ளை மாதிரி நின்னுட்டு இருந்துச்சு.

ஃபிக்ஸ் சிம்பிள். தேதிய கணமா வைக்கவே கூடாது, வருஷம் மாசம் நாள்னு மூணு நம்பரா வச்சுட்டேன், நேரம்ங்கற பேச்சே இல்ல. மாசம் கூட்டறதுக்கு பெரிய ஷீட் சாஃப்ட்வேர்கள்ல இருக்கற ஈடேட் ஃபங்ஷன் எப்படி நடந்துக்குமோ அப்படியே எழுதினேன், அதாவது அந்த மாசத்துல அந்த நாள் இல்லன்னா மாசக் கடைசி நாள்ல நிக்கும், அடுத்த மாசத்துக்கு எகிறாது. ஏத்திட்டு நிம்மதியா பீச் ஸ்டேஷன்ல தாம்பரம் டிரெய்ன் புடிச்சேன்.

மறுநாள் காலைல மறுபடி போன். இந்த வாட்டி ஒரு நாள் பின்னாடி.

நாப்பது வீடு வாடகைக்கு விட்டிருக்கற ஒருத்தரோட எக்செல் ஃபைல், யாரு எப்போ குடி வந்தாங்கன்னு லிஸ்ட். நேத்து வரைக்கும் சரியா திறந்துச்சாம், இன்னிக்கு எல்லா தேதியும் ஒரு நாள் கூட. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, ஒரு ஜிப், அவிழ்த்தா உள்ள எக்ஸ்எம்எல்ங்கற எழுத்து ஃபைல். அதுக்குள்ள தேதின்னு எதுவும் இருக்காது, நம்பர் தான் இருக்கும். 1 ஜூன் 2023ன்னா 45078. 1900 ஜனவரி 1ஐ ஒண்ணுன்னு வச்சு எண்ணிக்கிட்டே வர்ற கணக்கு, நானும் அப்படியே எண்ணினேன், எனக்கு ஜூன் 2 வருது. விரல் விட்டு எண்ணாத குறை. காரணம் என்னன்னா எக்செல் கணக்குல 1900 பிப்ரவரி 29னு ஒரு நாள் இருக்கு. நிஜத்துல கிடையாது, 1900 லீப் வருஷமே இல்ல, நூறால வகுபட்டா நானூறாலயும் வகுபடணும். எக்செலுக்கு முன்னாடி இருந்த லோட்டஸ் 1-2-3ங்கற ஷீட் சாஃப்ட்வேர்ல இருந்த அந்த தப்ப, அதோட ஃபைல் எல்லாம் ஒத்துப்போகணும்னு எக்செல் தெரிஞ்சே எடுத்துக்கிட்டது, இன்னிக்கு வரைக்கும் அப்படியே ஓடுது. அதனால எண்ணிக்கைய 1899 டிசம்பர் 31க்கு பதிலா டிசம்பர் 30ல இருந்து ஆரம்பிச்சாதான் 1900 மார்ச்சுக்கு அப்புறம் வர்ற தேதி எல்லாம் சரியா வரும்.

அப்போ இத்தன நாளா எப்படி சரியா இருந்துச்சு? இங்க ஒரு நாள் கூட்டினேன், யூடிசி ஒரு நாள் குறைச்சுது. முள்ள முள்ளாலயே எடுத்திருக்கேன், எனக்கே தெரியாம. ஒரு முள்ள புடுங்கினதும் இன்னொண்ணு குத்துது.

சரி டிசம்பர் 30ன்னு மாத்தியாச்சு, தேதி சரி. ஆனா ஃபில்டர் வேலை செய்யல. "1-6-2023ல குடி வந்தவங்க"ன்னு தேடினா ஒருத்தரும் இல்லங்குது, கண்ணு முன்னாடி அஞ்சு பேர் இருக்காங்க. எக்செல்ல இருந்து வர்ற தேதிய மட்டும் நான் இன்னும் கணமா தான் எண்ணிட்டு இருந்தேன், செல்லுக்குள்ள நிஜமா என்ன இருக்குன்னு பிரிச்சு பார்த்தா 1 ஜூன் 2023, 00:08:50. எட்டு நிமிஷம் அம்பது செகண்ட். ஒரு எக்ஸ்ட்ரா நிமிஷம் எங்க இருந்து வரும், நான் எங்கயும் நிமிஷமே கூட்டலயே. ராத்திரி ஒரு மணி வரைக்கும் மண்டைய உடைச்சுட்டு கடைசில பிரவுசர் கன்சோல்ல 1899 டிசம்பர் 30ஐ அடிச்சு பார்த்தா டைம்சோன் +5:30ன்னு காட்டல, +5:21ன்னு காட்டுது.

அது மெட்ராஸ் டைம்ங்க! இந்திய நேரம் வந்ததே 1906 ஜனவரி 1ல இருந்து தான். அதுக்கு முன்னாடி இருந்த காலத்துக்கு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற டைம்சோன் அட்டவணை மெட்ராஸ் நேரத்த வச்சிருக்கு, 5 மணி 21 நிமிஷம் 10 செகண்ட். நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டின வானியல் ஆராய்ச்சிக்கூடம், நட்சத்திரம் பார்க்க கட்டினது, அது நிக்கற தீர்க்க ரேகைய வச்சு கணக்கு போட்ட நேரம். அங்க இருந்த கிரானைட் தூண் இன்னும் காலேஜ் ரோடு வானிலை ஆபீஸ் வளாகத்துல நிக்குது. புயல் வந்தா டிவில காட்டறாங்களே, அதே ஆபீஸ். நான் லோக்கல் நடுராத்திரில இருந்து மில்லிசெகண்ட் கூட்டிக்கிட்டே வந்ததால 5:30க்கும் 5:21:10க்கும் நடுவுல இருக்கற 8 நிமிஷம் 50 செகண்ட் மிச்சமா நின்னுடுச்சு. நாள் எண்ணிக்கைய யூடிசிலயே போட்டு, மூணு நம்பரா பிரிச்சு எடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சுது, நாலு லைன் வேலை. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு கோவம் எல்லாம் போயிடுச்சு, சிரிச்சுட்டு படுத்துட்டேன்.

அடுத்தது பேக்ஸ்பேஸ். இது முழுக்க என் ஆணவம்.

"எழுத்து எழுத்தா அழியணும்"னு நானா முடிவு பண்ணிட்டேன். "தமிழ்"னா நமக்கு மூணு எழுத்து, த மி ழ். ஆனா கம்ப்யூட்டர் எழுத்த வைக்கற யூனிகோட்ங்கற குறியீட்டுல அஞ்சு துண்டு, த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. ஃபைல் லிஸ்ட்ல நீளமான பேர வெட்டும்போது இந்த துண்டுக் கணக்குல வெட்டுனா புள்ளி மட்டும் கழண்டு போய் முருகன் முருகன ஆயிடும், அதை இன்ட்ல் செக்மென்டர்னு பிரவுசர்லயே இருக்கற வசதிய வச்சு சரி பண்ணேன். க்ரோம்ல 2020ல இருந்து இருக்கு, ஃபயர்பாக்ஸ்ல 2024ல தான் வந்துச்சு, கடைல இருக்கற லினக்ஸ் மெஷின்ல பழைய ஃபயர்பாக்ஸ், அப்டேட் பண்ண வேண்டியதா போச்சு. அந்த சூட்டோட சூடா பேக்ஸ்பேஸையும் அப்படியே மாத்திட்டேன். ஒரு தட்டுக்கு ஒரு முழு எழுத்து காலி. பார்க்க அழகா இருந்துச்சு.

அரை மணி நேரத்துல அக்கா வந்து பக்கத்துல நின்னாங்க. "தம்பி, நான் 'கி' அடிச்சுட்டேன், 'கீ' வேணும். இவ்ளோ நாளா ஒரு தட்டு தட்டுனா கொம்பு மட்டும் போகும், 'க' நிக்கும், நெடில போட்டுட்டு போயிட்டே இருப்பேன். இப்போ 'க'வையும் சேத்து முழுங்கிடுது. ஒரு பக்கத்துக்கு எத்தன எக்ஸ்ட்ரா தட்டு தெரியுமா?" நான் இருந்தாலும் எழுத்துன்னா முழு எழுத்து தானேக்கான்னு ஆரம்பிச்சேன், அவங்க "நீ அடிக்கறியா நான் அடிக்கறேனா"ன்னு ஒரே வார்த்தை தான் கேட்டாங்க.

அதுகூட பரவால்ல, ரெண்டாவது மெஷின்ல டைப்பிங்கே ஒழுங்கா வரல, எழுத்து தின்னுக்கிட்டே போச்சு. அங்க தமிழ்99 கீபோர்டு ஒரு தனி சாஃப்ட்வேர் வழியா ஓடுது. தமிழ்99ங்கறது 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்ட ஒட்டி தமிழ்நாடு அரசு தரமாக்கினது, உயிர் எல்லாம் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம், "க"வ ரெண்டு வாட்டி அடிச்சா தானா "க்க"ன்னு புள்ளி வச்சுக்கும். அந்தப் புள்ளி எப்படி வருதுன்னு தான் சூட்சுமம். கடைல இருக்கற அந்த சாஃப்ட்வேர் சில இடத்துல ஏற்கனவே அடிச்சதை அழிக்க தானே ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்பிட்டு புதுசா எழுதும். ஒரு துண்டு போகும்னு நினைச்சு அது பேக்ஸ்பேஸ் அனுப்புது, என் கோடு ஒரு முழு எழுத்த தூக்கிடுது. ரெண்டு பேருக்கும் நடுவுல அக்காவோட மனு கந்தலாகுது.

திரும்ப பழசுக்கே போயிட்டேன். நிஜத்துல நல்ல எடிட்டர்கள் எல்லாம் ரொம்ப காலமா இப்படித்தான் பண்ணுது, பேக்ஸ்பேஸ் ஒரு துண்டு, டெலீட் கீ முழு எழுத்து, ஆரோ கீ முழு எழுத்து தாண்டும். ஏன் இப்படி வேற வேறயா வச்சிருக்காங்கன்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும், ரெண்டு நாள் மிச்சம். அதே கையோட ஆட்டோசேவையும் திருத்தினேன். போன்ல இருந்து அடிக்கும்போது எழுத்து இன்னும் உருவாகிட்டு இருக்கற நேரத்துல சேவ் நடந்து ஷீட் கட்டத்த திரும்ப வரைஞ்சிடும், "கா" வரவேண்டிய இடத்துல "ககா". எழுத்து உருவாகற வேலை, அதாவது காம்போஸிஷன், முடிஞ்சதுன்னு பிரவுசர் சொல்ற வரைக்கும் அந்த கட்டத்த தொடவே கூடாது. அதுக்கு ஒரே ஒரு இஃப்.

தேடல் பிரச்சனை வேற மாதிரி. "கௌரி"ன்னு தேடினா பாதி பேப்பர் வரல. டைப்ரைட்டர்ல கத்துக்கிட்டவங்க நிறைய பேரு "ஔ" கொம்புக்கு ஒத்தைக் கொம்பு போட்டு, க போட்டு, பின்னாடி "ள" எழுத்தையே அடிச்சிடறாங்க, "கெளரி". கண்ணுக்கு ஒரே மாதிரி, ஃபான்ட் பொறுத்து சுத்தமா வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு அது "கெ-ள-ரி". "கொ" கூட இப்படித்தான், ஒரே துண்டா ஒரு கொம்பு இருக்கு, ஒத்தைக் கொம்பையும் காலையும் தனித்தனியா போட்டும் அதே உருவம் வரும். இந்த ரெண்டாவது வகைக்கு நார்மலைஸ்னு ஃபங்ஷன் இருக்கு, சேவ் பண்ணும்போது அதுல என்எஃப்சிங்கற வகைய போட்டா ஒண்ணாயிடும். ஆனா "கெள" அதுக்கு தப்பே இல்ல, அது நிஜமாவே "ள", "கெளுத்தி" மீன்ல வர்ற அதே எழுத்து, எல்லாத்தையும் மாத்துனா மீன் செத்துடும். அதனால எழுதறத நான் தொடல, தேடும்போது மட்டும் ரெண்டையும் ஒண்ணா பாவிக்கற மாதிரி ஒரு சாவி செஞ்சு வச்சேன். "ஸ்ரீ"க்கும் அதே வைத்தியம், அதுல ஸ போட்டு வர்றது ஒண்ணு, 2005ல யூனிகோட்ல சேர்த்த ஶ போட்டு வர்றது ஒண்ணு, நார்மலைஸ் இதை சேர்க்காது.

"முழு வார்த்தை மட்டும்"னு தேடல்ல ஒரு டிக் பாக்ஸ் வச்சிருந்தேன், அது தமிழுக்கு ஒரு நாள் கூட வேலை செஞ்சதில்லன்னு இப்போதான் தெரிஞ்சுது. ரெஜெக்ஸ்ங்கற தேடல் குறி மொழில வார்த்தை எல்லைக்கு இருக்கற குறி இங்கிலீஷ் எழுத்த மட்டும் தான் எழுத்துன்னு நினைக்கும். அது இல்லாம தேடி மாத்தினா "கமல"வ "விமல"ன்னு மாத்தப் போய் கமலாவும் விமலா ஆயிடுவாங்க, பத்திரத்துல இது விளையாட்டு இல்ல. எழுத்து, கொம்பு, புள்ளி மூணும் சேர்ந்தா தான் வார்த்தைன்னு நானே எல்லைய எழுதிட்டேன். வரிசைப்படுத்தறதுல ற, ன எல்லாம் நடுவுல வந்து நின்னுச்சு, இன்ட்ல் கொலேட்டர்ல தமிழ்னு சொன்னதும் அகராதி வரிசைக்கு வந்துடுச்சு, அதுல சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

பக் எல்லாம் ஒரு வழியா அடங்கின பிறகு சித்தப்பா ஒரு ஃபீச்சர் கேட்டாரு. "டேய், தொகைய நம்பர்ல அடிச்சா பக்கத்துல எழுத்தால தானா வரணும், தமிழ்ல." ஒரு மணி நேர வேலைன்னு சொல்லிட்டேன். மூணு வாரம் ஆச்சு.

முதல்ல எழுதினது இங்கிலீஷ் மாதிரியே, துண்டு துண்டா ஒட்டறது. 1,25,750 அடிச்சா வந்தது: "ஒன்று லட்சம் இருபது ஐந்து ஆயிரம் எழுநூறு ஐம்பது". கடையே சிரிச்சுது. வேணுங்கறது "ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து எழுநூற்று ஐம்பது". அதாவது கடைசில நிக்கற சொல் மட்டும் அப்படியே நிக்கும், அதுக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் அடுத்ததுக்கு கை நீட்டணும். நூறு நூற்று ஆகணும், ஆயிரம் ஆயிரத்து, லட்சம் லட்சத்து, கோடி மட்டும் கோடியே. பின்னாடி எதுவும் இல்லன்னா நீட்டக்கூடாது. இது ஒரு சின்ன டேபிள், சுலபம்.

கஷ்டம் ஒட்டறதுல. இருபத்து கூட ஆறு சேர்ந்தா இருபத்தாறு, ஐந்து சேர்ந்தா இருபத்தைந்து, ஆனா மூன்று சேர்ந்தா இருபத்து மூன்று, ஒட்டாது. ஸ்கூல்ல குற்றியலுகரப் புணர்ச்சின்னு மார்க்குக்காக படிச்சு மறந்தது, உயிர் வந்தா உகரம் ஓடிப்போகும்னு தமிழ் ஐயா சொன்னது முப்பது வயசுல வேலைக்கு வந்துச்சு. வேடிக்கை என்னன்னா இந்த ஒரு இடத்துல யூனிகோட் நமக்கு தோதா இருக்கு. "ஐந்து"ல கடைசி துண்டு அந்த உகரக் கொம்பு தான், அதை மட்டும் கிள்ளிட்டா "ஐந்த", அதுக்கு பின்னாடி ஆயிரத்தோட "ஆ"வ காலா மாத்தி வச்சா "ஐந்தா", அப்புறம் "யிரம்". கிள்ளு, ஒட்டு, முடிஞ்சுது. எந்த கொம்பு துண்டா தனியா இருக்குன்னு பேக்ஸ்பேஸ்ல என்னை படுத்துச்சோ அதே துண்டு இங்க ஆறு லைன்ல புணர்ச்சி விதிய எழுத விட்டுச்சு.

ஆனா விதிக்கு அடங்காத ஆளுங்க இருக்காங்க. மூன்று + ஆயிரம் "மூன்றாயிரம்"னு வந்துச்சு, ஒரு வயசான வக்கீல் சார், தினம் சாயங்காலம் டீ குடிக்க வருவாரு, ஸ்க்ரீன எட்டிப் பார்த்து "மூவாயிரம்னு போடுப்பா"ன்னாரு. பதினொன்று + ஆயிரம் "பதினொன்றாயிரம்", அதுவும் ஆகாது, பதினோராயிரம். இருபத்தொன்று வந்தா இருபத்தோராயிரம். நூறுல முந்நூறா முன்னூறான்னு அவருக்கும் அக்காவுக்கும் பத்து நிமிஷம் வாக்குவாதம், மூன்று கூட நூறு சேர்ந்து வர்றது முந்நூறு தான்னு அவர் அகராதி எடுத்து காட்டிட்டு ஜெயிச்சாரு, ஐந்நூறும் அப்படியே வந்துடுச்சு. அக்கா இன்னும் ஒத்துக்கல.

அப்புறம் ஒன்பது. ஒன்பது வந்தாலே தகராறு. இருபது முப்பதுன்னு வந்துட்டு தொண்ணூறுன்னு போகும், பேர்லயே நூறு இருக்கு, மதிப்பு 90. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம், பேர்ல ஆயிரம் இருக்கு, மதிப்பு 900. நிஜமான ஒன்பது ஆயிரம்னா ஒன்பதாயிரம்னு நல்ல பிள்ளையா வரும். என் கோடு "கடைசில ஆயிரம்னு முடிஞ்சா ஆயிரத்து"ன்னு எழுத்த பார்த்து மாத்திட்டு இருந்துச்சு, அது 900க்கும் தற்செயலா சரி, தொள்ளாயிரத்து தானே. ஆனா "ஆயிரம் ஏற்கனவே வந்துடுச்சா"ன்னு சரி பார்க்கற இன்னொரு இடம் தொள்ளாயிரத்த பார்த்து ஏமாந்து, 1,900ஐ வெறும் "தொள்ளாயிரம்"னு எழுதிடுச்சு. ஆயிரம் ரூபா காணோம்! நல்லவேளை அது டெஸ்ட்ல மாட்டுச்சு. எழுத்த பார்த்து முடிவு பண்ற வேலையே வேணாம்னு எல்லாத்தையும் நம்பர வச்சு முடிவு பண்ற மாதிரி மாத்தி எழுதினேன்.

டெஸ்ட் எப்படி பண்ணேன்னா, 1ல இருந்து 999 வரைக்கும் பிரிண்ட் எடுத்து அக்காகிட்டயும் வக்கீல் சார்கிட்டயும் ஆளுக்கு பாதியா குடுத்துட்டேன். சிவப்பு பேனாவோட உக்காந்து ரெண்டு சாயங்காலத்துல முடிச்சாங்க. அதை அப்படியே டெஸ்ட் ஃபைலா ஏத்தி வச்சிருக்கேன், கோடு எதை மாத்தினாலும் முதல்ல அது ஓடும். பைசாவ தசமத்துல வைக்காம எல்லா தொகையும் பைசாவா முழு நம்பர்ல தான் வச்சிருக்கேன், 1.005ஐ நூறால பெருக்குனா 100.5 வராம 100.49999னு இழுக்கற கூத்து எல்லாம் பத்திரத்துக்கு ஆகாது.

பத்திரத்தாள் பிரிண்ட் சீக்கிரம் முடிஞ்சுது. முதல் பக்கத்துல மேல பாதிக்கு முத்திரை அச்சு இருக்கும், அதுக்கு கீழ இருந்து தான் மேட்டர் ஆரம்பிக்கணும், அடுத்த பக்கம் எல்லாம் சாதா மார்ஜின். இத்தன நாளா என்டர் என்டரா தட்டி எறக்கிட்டு இருந்தாங்க, ஒரு வரி கூட்டுனா எல்லாம் தப்பும். பக்கத்தோட தோற்றத்த சொல்ற சிஎஸ்எஸ்ல பேஜ் ரூலுக்கு முதல் பக்கம் மட்டும்னு தனி மார்ஜின் குடுக்கலாம், ஸ்கேல் வச்சு அளந்து போட்டுட்டேன். முன்னாடி பிடிஎஃப்ப ஒரு லைப்ரரி வச்சு நானே செய்ய பார்த்து "கொ" எல்லாம் க, கொம்பு, கால்னு வரிசையா பிரிஞ்சு நின்னுச்சு, எழுத்த கோத்து வைக்கற வேலைய அது செய்யாது. பிரவுசரோட சொந்த பிரிண்ட்டுக்கே விட்டுட்டேன், பிரவுசருக்கு தமிழ் நல்லா தெரியும்.

கடைசியா பூட்டு. ஒரே பேப்பர ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்தா யாரு கடைசியா சேவ் பண்றாங்களோ அவங்களுது தான் நிக்கும், முன்னாடி அடிச்சது போச்சு. பெரிய ஆன்லைன் ஆபீஸ் மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கற வசதி வைக்கலாம்னு ஒரு வாரம் படிச்சேன், சிஆர்டிடின்னு கணக்கு எல்லாம் அழகா தான் இருக்கு, ஆனா நாலு மெஷின் கடைக்கு அது கோவில் தேர இழுத்துட்டு வந்து காய்கறி வாங்கற மாதிரி. யாராவது திறந்திருந்தா மத்தவங்களுக்கு "அக்கா அடிச்சுட்டு இருக்காங்க"ன்னு காட்டி படிக்க மட்டும் விடும், அவ்ளோதான். திறந்திருக்கற பிரவுசர் 20 செகண்டுக்கு ஒரு வாட்டி "இருக்கேன்"னு சர்வர்கிட்ட சொல்லும், 30 செகண்ட் சத்தம் இல்லன்னா பூட்டு தொறந்துக்கும்.

இது மத்தியானத்துல மட்டும் தப்பா போச்சு, காலைல சாயங்காலம் எல்லாம் சரி. சாப்பாட்டு நேரம்! அக்கா பேப்பர திறந்தபடி விட்டுட்டு வேற டேப்ல பாட்டு போட்டுட்டு சாப்பிட போயிடுவாங்க. மறைஞ்சு கிடக்கற டேப் அஞ்சு நிமிஷம் தாண்டிட்டா க்ரோம் அதோட டைமர நிமிஷத்துக்கு ஒரு வாட்டி தான் ஓட விடும், பேட்டரி மிச்சம் பண்ண. என் 20 செகண்ட் 60 ஆச்சு, 30ல பூட்டு விட்டுச்சு, அடுத்த சீட்டு பையன் உள்ள பூந்துட்டான். காத்திருக்கற நேரத்த மூணு நிமிஷமா ஏத்தினேன், அதோட சேவ் பண்ணும்போது "நீ திறந்தப்ப இருந்த பதிப்பு நம்பர் தானா இன்னும்"னு சர்வர் ஒரு வாட்டி கேட்டுக்கும், இல்லன்னா மேல எழுதாம தனி நகலா வைக்கும். பூட்ட நம்பி மட்டும் இருக்கறது இல்ல இப்போ.

போன வாரம் அந்த வாடகை வீட்டு ஓனர் அடுத்த ஒப்பந்தத்துக்கு வந்தாரு. அட்வான்ஸ் தொகை, தேதி, எழுத்தால எல்லாம் தானா வந்துச்சு. அவர் கண்ணாடி போட்டுட்டு தேதிய தான் முதல்ல பார்த்தாரு, அப்புறம் காலண்டர ஒரு வாட்டி பார்த்தாரு, அப்புறம் தான் பேனாவ தொறந்தாரு. அக்கா என் பக்கம் திரும்பி, "முன்னூறு"ன்னு இருக்க வேண்டிய இடத்த விரல் வச்சு காட்டிட்டு அடுத்த பேப்பர எடுத்துட்டாங்க.